சம்பந்தி வீட்டுச் சங்கரா முள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதலான இரண்டும் என் வீட்டுக்காரருடைய தம்பியின் பிள்ளைகள். தாயில்லாமல் என்னிடம் வந்தவர்கள். ஆறு பேரும் என் கையால் மீன் தின்றுதான் ஆளானார்கள். ஒருத்தர் தொண்டையிலும் ஒரு முள் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது என் தொண்டையில் நின்ற ஒரு முள்ளைப் பற்றி. அது என் வீட்டுக் குழம்பில் வந்த முள் இல்லை.

எழுத்து எனக்கு அரைகுறை. மார்க்கெட்டில் இருந்த காலத்தில் பெரியவர்களுக்கென்று சாயங்காலம் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அதில் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் பழகினேன். மிச்சத்தை மீன் மடித்துக் கொடுக்கிற பேப்பரில் எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். அவசரமில்லை. பிழையைப் பேத்தி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க விடமாட்டேன்.

நான் பிறந்தது கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில். அப்பா கட்டுமரம் போனவர், அம்மா கூடை தூக்கினவள். கட்டிக்கொடுத்தது மேற்குத் தாம்பரத்தில். என் வீட்டுக்காரர் கடலை விட்டுவிட்டுத் திருமுடிவாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனார். நான் மீனை விடவில்லை. முதல் ரயிலுக்குப் போய் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு திரும்பித் தாம்பரம் மார்க்கெட்டில் உட்காருவேன். செவுளைத் தூக்க வேண்டாம், கண்ணைப் பார்த்தே அந்த மீன் தண்ணீரை விட்டு எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் ஜனம் மீன் தின்னும்போது பல்லுக்கு அதிக வேலை கிடையாது. நாக்கே முள்ளைப் பிரித்துக் கடைவாய் ஓரமாகத் தள்ளிவிடும். பேசிக்கொண்டே தின்போம், சண்டை போட்டுக்கொண்டே தின்போம். முள் குத்திவிட்டது என்று யாராவது இருமினால் எங்களுக்குச் சிரிப்பு வரும். வெளியூர் ஆள் என்று முடிவு கட்டிவிடுவோம்.

என் சம்பந்தியம்மாள் அப்படிப்பட்ட வெளியூர் ஆள்தான். சேலம் பக்கம். அவர்களுக்கு மீன் என்றால் ஏரி மீன். வீட்டுக்காரருக்கு சர்க்கார் ஆபீஸில் வேலை. சேலையூரில் சொந்த வீடு, வாசலில் செம்பருத்தி, உள்ளே மொசைக் தரை. என் கடைசி மகன் படித்துக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். போன இடத்தில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணின் அம்மா இவள். பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா மேல்தான்.

முதலில் அவளுடைய குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் பேசுவாள். நான் குரலை வைத்துப் பிழைத்தவள். நாலு கடைக்கு அந்தப் பக்கம் போகிறவனையும் திரும்பிப் பார்க்க வைக்கிற தொண்டை என்னுடையது. ஆனால் வீட்டில் நான் பேசினால் பிள்ளைகள், அம்மா மெதுவா பேசு என்பார்கள். அவள் பேசினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கிட்டே போய்க் கேட்டார்கள்.

பிறகு அவள் சமையல். மாப்பிள்ளை கடலோரத்துப் பிள்ளை என்பதற்காக, அதுவரை கடல் மீனையே தொடாதவள் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன். டி.வி.யைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மீனும் என்னிடம் வாங்கவில்லை. சம்பந்தியிடம் போய் விலை கேட்பது நன்றாக இருக்காது என்று கேம்ப் ரோடில் ஒரு கடையில் வாங்கினாள். அதுவும் மரியாதைதான். அவள் செய்வதெல்லாம் மரியாதையாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் குறை சொல்வது?

மருமகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. இப்போது இதைப் படித்துக் காட்டப் போகிறவள்தான் அந்தக் குழந்தை. அதற்குப் பிறகு என் மகனுக்குச் சேலையூரே கதி என்று ஆகிவிட்டது. ஆபீஸ் விட்டால் அங்கே, லீவு விட்டால் அங்கே. தாம்பரத்துக்கு வந்தால் துணி மாற்றிக்கொண்டு போவான். நான் சோறு போட்டு வைத்திருப்பேன். அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்பான். என்ன குழம்பு என்று நான் கேட்கமாட்டேன். அவனாகவே சொல்லிவிடுவான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறா புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது மாமியாரின் உரிமை. நல்ல பால்சுறாவுக்காகச் சிந்தாதிரிப்பேட்டையில் சொல்லி வைத்திருந்தேன். வந்ததும் ஐஸ் வைத்து, பையில் சுற்றி, மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையூர் போனேன். வாசலில் கால் வைக்கும்போதே வாசனை வந்துவிட்டது. சுறா புட்டு ஏற்கெனவே ஆகியிருந்தது. பூண்டு தட்டிப் போட்டு, உதிரி உதிரியாக, மருமகள் தட்டில் இருந்தது. அவள் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் பையைச் சம்பந்தியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நாளைக்குச் செய்து கொடுக்கிறேன் சம்பந்தி என்று சொல்லி பிரிட்ஜில் வைத்தாள். பிரிட்ஜ் கதவு மூடிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

எங்களுக்குச் சங்கரா குழம்பு. என்னையும் மகனையும் மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துப் பரிமாறினாள். சங்கரா நல்ல மீன்தான், ஆனால் அதன் முள் வளைந்து கொடுக்காது. ஊசி மாதிரி நிற்கும். அது எனக்குத் தெரியாதா? நான் மீனைப் பார்த்துத் தின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க. அம்மா வெக்கிறது வேற மாதிரி. இது வேற" என்றான்.

வேறு என்றுதான் சொன்னான். மேல் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் தட்டை நீட்டின விதத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் என் அடுப்படியில் உட்கார்ந்து இப்படித்தான் நீட்டுவான். அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டேன். நாக்கு அதன் வேலையை மறந்துவிட்டது. முள் குறுக்காக நின்றது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எச்சில் இறக்கினால் சுருக்கென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. இருமவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து, அந்தக் குழம்பைத் தின்று, முள் குத்தி இருமினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். எங்கள் குப்பத்தில் எப்போதாவது சின்னப் பிள்ளைக்கு முள் நின்றுவிட்டால் வெறும் சோற்றை உருண்டை பிடித்து, மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். உருண்டை முள்ளை இழுத்துக்கொண்டு போய்விடும். நானும் குழம்பு படாத சோற்றை ஓரமாக ஒதுக்கி, உருட்டி உருட்டி விழுங்கினேன். சம்பந்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சம்பந்தி, முள்ளா?" என்று கேட்கிறவள் இல்லை அவள். "தண்ணி குடிங்க சம்பந்தி, எதாவது குத்திடுச்சா?" என்றாள், மெதுவாக.

"இல்ல சம்பந்தி, காரம். கொஞ்சம் தூக்கலா கீது" என்றேன்.

அவள் முகம் சின்னதாகப் போயிற்று. ஒரு வாழைப்பழத்தை உரித்து என் தட்டில் வைத்தாள். அதையும் கடிக்காமல் விழுங்கினேன். ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். முள் போய்விட்டது, அவள் குழம்புக்கும் ஒரு குறை வைத்தாயிற்று.

முள் போகவில்லை. வலி இடம் மாறிற்று, அவ்வளவுதான். தொண்டையில் இருந்தது, கழுத்துக்குள்ளே எங்கேயோ ஆழத்துக்குப் போய்விட்டது. இரண்டொரு நாளில் காய்ச்சல் அடித்தது. கூவினால் குரல் உடைந்தது. எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார், தொண்டை சிவந்திருக்கிறது, கிருமி தொற்றியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். நன்றாக ஆனாலும் நடுவில் நிறுத்தக் கூடாது, முழுசாகப் போட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். மாத்திரை நன்றாக வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. கஞ்சி இறங்கிற்று. சரியாகிவிட்ட உடம்புக்கு எதற்கு மாத்திரை என்று மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்தேன், வீட்டில் வேறு யாருக்காவது ஆகுமென்று. முள்ளைப் பற்றி அவரிடம் பேச்சே எடுக்கவில்லை.

அது திரும்பி வந்தபோது வேறு மாதிரி வந்தது. கழுத்தின் இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிற்று. பிறகு அது எலுமிச்சம்பழமாக நிற்கவில்லை. தலையைத் திருப்ப முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் முந்தானையில் துப்பிக்கொண்டிருந்தேன். உடம்பு உதறிற்று. மகன் வந்து பார்த்துவிட்டு ஆட்டோவில் போட்டு ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி. கழுத்தைத் தொட்டதும் அவள் முகம் மாறிற்று. உள்ளே சீழ் கட்டுகிறது, இது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்றாள். சொத்தைப் பல் உண்டா, சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்டாள். எதையாவது விழுங்கினீர்களா, காசு, ஊக்கு, பல்செட் மாதிரி என்றாள். இல்லை என்றேன். அது உண்மைதான். மீனை யாரும் விழுங்கின பொருள் என்று கணக்கில் வைப்பதில்லை.

"மீன் சாப்பிடுவீங்களா? முள்ளு கிள்ளு குத்துச்சா?" என்றாள்.

"எனக்கா? நான் மீன்காரிம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். என்னை நம்பினாள். நம்பும்படியாகத்தான் நான் சொன்னேன். என் மகனும் பக்கத்தில் நின்று, அம்மாவுக்கு முள்ளெல்லாம் குத்தாது டாக்டர் என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

கட்டிலில் சேர்த்தார்கள். முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து போட்டு, பேனாவால் வட்டம் போட்டு, உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். ஏற்றுக்கொண்டது. அப்புறம் நரம்பில் ஊசி குத்தி பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். ஒரு மருந்து சும்மா ஏறும். இன்னொரு மருந்து ஏறும்போது வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பை நக்கின மாதிரி ருசி. இரண்டு விதமான கிருமிக்கு இரண்டு மருந்து என்றாள் நர்ஸ். காய்ச்சல் இறங்கும். டாக்டரம்மா சந்தோஷப்படுவாள். மறுபடியும் ஏறும். வீக்கம் மட்டும் குறையவே இல்லை. சீழ் மார்புக்குள் இறங்கிவிட்டால் ஆபத்து, மூச்சே அடைத்துவிடும் என்று அவள் என் மகனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

அப்போதாவது சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்ல வாய் வந்தது. அந்த நேரத்தில்தான் கையில் பிளாஸ்குடன் சம்பந்தியம்மாள் உள்ளே வந்தாள். வாய் மூடிக்கொண்டது.

அவள் வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றாள். டாக்டரம்மா மகனிடம் பேசுவதைக் கேட்டாள். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது இவள் என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். கழுத்தைத் திருப்ப முடியாதவள் கண்ணால் எவ்வளவு முறைக்க முடியுமோ அவ்வளவு முறைத்தேன். அவள் கண்ணை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், இவங்க எங்க வீட்ல சங்கரா கொழம்பு சாப்பிட்டாங்க. அன்னைக்கு முள்ளு மாட்டிக்கிச்சு. வெறும் சோத்தை உருட்டி முழுங்கினாங்க. நான் கேட்டதுக்குக் காரம்னு சொன்னாங்க. காரம் இல்ல டாக்டர். என் கொழம்புல அன்னைக்குக் காரம் கம்மி. பிள்ளை பெத்தவ இருக்கற வீடு, நான் மிளகாய்த்தூளைக் கொறைச்சுத்தான் போட்டேன். அது முள்ளுதான்."

குரலை உயர்த்தவே இல்லை. எல்லோரும் கிட்டே வந்து கேட்டார்கள்.

நான் பிழைக்கப்போகிறேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இத்தனை நாள் இவள் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. காரம் என்று நான் சொன்னதை அவள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. மகன் என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் அவளைத்தான் பார்த்தான். "தேங்க்ஸ் அத்தை" என்றான். நாக்கு குழறிற்று அவனுக்கு.

உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மா எனக்கும் காட்டினாள். வெள்ளையாக ஒரு கோடு. உணவுக்குழாய்க்குள் இல்லை. அதைக் குத்தித் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, கழுத்துச் சதைக்குள் நகர்ந்து, தலைக்கு ரத்தம் போகிற பெரிய குழாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தது. நீங்கள் விழுங்கின சோற்று உருண்டை முள்ளை இறக்கவில்லை, சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி அடித்து அனுப்பியிருக்கிறது என்றாள். தலைமுறை தலைமுறையாக எங்கள் குப்பத்தில் உருண்டை விழுங்கியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்று யார் படம் பிடித்துப் பார்த்தார்கள்?

"மருந்து கிருமியைக் கொல்லும்மா. முள்ளைக் கரைக்காது. முள்ளு உள்ள இருக்கிற வரைக்கும் நாங்க மருந்து ஏத்துவோம், காய்ச்சல் எறங்கும், நிறுத்தினா திரும்ப வரும். அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து அந்தக் குழாயைத் தொட்டுச்சுன்னா எங்க கையில இல்ல" என்றாள் டாக்டரம்மா.

தெரு டாக்டரின் மாத்திரை ஏன் கேட்டது, ஏன் கைவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருந்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி, சீழின் வேகத்தைக் குறைத்துவிட்டு, கழுத்தைக் கீறி முள்ளை எடுத்தார்கள். சீழ் வடிவதற்கு ஒரு சின்னக் குழாய் வைத்து விட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த இரும்பு மருந்தை விடவில்லை. இடது கை நரம்பு எரிந்து தடித்தால் வலது கைக்கு மாற்றுவார்கள், அது தடித்தால் மறுபடி இடது கை. பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு நாள் சைகை காட்டினேன். டாக்டரம்மா என் டப்பா மாத்திரையை ஞாபகப்படுத்தினாள். மகன் அவன் அத்தையிடம் சொல்லாதது எது? அதை டாக்டரம்மாவிடம் யார் சொன்னது என்று கேட்க வேண்டுமா?

குத்தின இடம் ஆறுகிற வரை வாயால் ஒன்றும் விழுங்கக் கூடாது என்று மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டிருந்தார்கள். அந்தக் குழாயில் ஊற்றுவதற்கு அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மீன் வேகவைத்து வடிகட்டின சாறு எல்லாம் சேலையூரில் இருந்துதான் வந்தது. என் பெண்கள் தூரத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள், மருமகள் பச்சை உடம்புக்காரி. அதனால் இவள்தான். வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் கொண்டு வருவாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி ஊசிக் குழலில் எடுத்து, மெதுவாக ஊற்றுவாள். சூடு சரியா சம்பந்தி என்பாள். வயிற்றுக்குள் வெதுவெதுப்பு பரவும். ருசி மட்டும் தெரியாது. அவள் சமைத்ததை நான் தின்றுகொண்டே இருக்கிறேன், உப்பு கம்மி என்றுகூடச் சொல்ல முடியாமல். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

வார்டில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. பக்கத்துக் கட்டில் கிழவி, கூடப் பிறந்தவளா என்று கேட்டாள். சம்பந்தி என்றதும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு சம்பந்தியா என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மகன் ஆபீஸிலிருந்து வருவான். வாசலில் இருந்தே, எப்படி இருக்காங்க அத்தை என்பான். நான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன். என்னைக் கேட்டால் நான் தலையசைக்க மாட்டேனா?

எடுத்த முள்ளை டாக்டரம்மா ஒரு சின்ன சீசாவில் போட்டுக் கொடுத்தாள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சங்கராவின் விலா முள். ஒரு முனை மழுங்கல், ஒரு முனை கூர். இரண்டு முனையும் மீனோடு பிறந்தவை. உடையவில்லை, எந்தக் கத்தியும் அதன் மேல் படவில்லை. நாக்கு கவனமாக இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்துத் துப்பியிருக்கிற முள். சீசாவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மார்க்கெட்டில் இருந்து என் ஜோடிக்காரிகள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொருத்திக்கு இப்படி ஆகியிருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன். பெரியவள், என் பக்கத்துக் கடைக்காரி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, மீன்காரி தொண்டையில முள்ளு மாட்டிக்கினு கீதுன்னு மார்க்கெட்டே பேசிக்குது. நாங்க நம்பல. நெஜமா?"

மற்ற இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. பேச முடிந்திருந்தாலும் என்ன சொல்வேன்? திரும்பிப் போய் அந்தக் கடையில் உட்கார முடியுமா என்று யோசித்தேன். தினம் ஒருத்தி கூவுவாள், பார்த்துத் தின்னுக்கா என்று.

சம்பந்தியம்மாள் கையிலிருந்த ஊசிக் குழலைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"தப்பு என்மேலதாங்க. எனக்குக் கடல் மீன் நறுக்கத் தெரியாது. கடையில வெட்டித் தரச் சொல்லாம நானே காய் நறுக்கற கத்தியால வெட்டினேன். முள்ளெல்லாம் ஒடைஞ்சு ஊசி ஊசியா கொழம்புல நின்னுடுச்சு. இவங்க இல்ல, யார் சாப்பிட்டிருந்தாலும் குத்தியிருக்கும்."

பெரியவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. "அதானே பார்த்தேன். ஒடைஞ்ச முள்ளு நாக்குக்கே ஆப்டாது. இன்னாம்மா நீ, சங்கராவைப் போய்க் கத்தியால வெட்டிக்கினு. பெரிய உசுரை வாங்கியிருப்பியே" என்று ஆரம்பித்தாள். அரிவாள்மனையை எப்படி வைக்க வேண்டும், மீனை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் அவளுக்குப் பாடம் நடத்தினார்கள். அவள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்காக அவர்கள் கோபப்பட்டார்கள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

போகும்போது பெரியவள் திரும்பி, "அந்த முள்ளைக் கொடுத்தாங்களாமே, காட்டு பார்க்கலாம்" என்றாள்.

சம்பந்தியம்மாள் அப்போது ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். சீசாவை வெளியே எடுத்தால் போதும், அந்த மூன்று பேரில் எவள் பார்த்தாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள், இது உடைந்த முள் இல்லை என்று. தலையணைக்கடியில் என் கை சீசாவை மூடிக்கொண்டது. நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். இல்லை, தூக்கிப் போட்டாயிற்று என்று கையால் காட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள். சம்பந்தியம்மாள் ஊசிக் குழலை எடுத்து மிச்சக் கஞ்சியை ஊற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் மாத்திரை இருந்தது. ஒன்று விடாமல் போட்டேன். குரல் திரும்பி வர நாளாயிற்று. முன் மாதிரி வரவில்லை, கொஞ்சம் கரகரப்பு. மார்க்கெட்டில் நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஒருத்தியும் முள் பேச்சு எடுக்கவில்லை. பேச்சு வந்தால் சேலையூர் அம்மாவுக்கு மீன் வெட்டத் தெரியாத கதையாகத்தான் வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் அவளுக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மீன் வாங்க என் கடைக்கே வந்தாள். நானே வெட்டிக் கொடுப்பேன். பெரியவள் பக்கத்தில் இருந்து, இப்பவாவது கத்துக்கோம்மா என்பாள். இவள் சிரித்துக்கொண்டே பையை நீட்டுவாள்.

என் பிள்ளைகள், அவள் உன் உயிரைக் காப்பாற்றினாள் என்று இன்றுவரை சொல்கிறார்கள். உயிரைக் காப்பாற்றினது டாக்டரம்மாவின் கத்தியும் அந்த இரும்பு மருந்தும். அதற்காக நான் சம்பந்தியம்மாள் மேல் பொறாமைப்படவில்லை. டாக்டரம்மாவிடம் தன் குழம்புக்காக அப்படி நியாயம் பேசினவள், காரம் கம்மி என்று கணக்குச் சொன்னவள், அந்தக் குழம்பின் பேரையே என் ஜோடிக்காரிகள் முன்னால் கழற்றி வைத்துவிட்டாள், கிண்ணத்தில் ஊசிக் குழலை வைத்த மாதிரி. நான் செய்திருக்க மாட்டேன். என் குழம்பை ஒருத்தி குறை சொன்னால் நான் செத்தாலும் விடமாட்டேன். அவளால் முடிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

பேத்திக்கு நான் ஆயா, அவள் பாட்டி. லீவு விட்டால் முதலில் எங்கே போகிறாள் என்று நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, முட்டி வலி. ஆனாலும் பேத்தி போனால் மீன் குழம்பு வைக்கிறாளாம்.

சீசா என் இரும்புப் பெட்டியில் புடவைக்கடியில் இருக்கிறது. என் காலத்துக்குப் பிறகு யாரும் அதை மார்க்கெட் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பாப்பா, இங்க வா. கண்ணாடியைத் தொடைச்சுக்கினு வந்து உக்காரு. மொதல்லேர்ந்து நிறுத்தாம படி, நான் கேக்கறேன். அவ கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு நான் எங்கனா எழுதியிருந்தா, அங்க மட்டும் நிறுத்து.